ஜாம் பாட்டிலுக்குள் மூடிய பைன் காய்

ஜூலை வெயில் மண்டையைப் பிளந்தது. ஸ்பூனர் பள்ளத்தாக்குக்குள் வருவதற்கும் போவதற்கும் இருக்கிற ஒரே தார் ரோட்டில், சந்தைத் திடலிலிருந்து பாலம் வரைக்கும் பிக்கப் வண்டிகள் வரிசைகட்டி நின்றன. ஆடுமாடு ஏலமா என்றால் இல்லை. குதிரைப் பந்தயமா என்றால் அதுவும் இல்லை. ஒவ்வொரு வண்டியிலும் ஒரு குடும்பம். குடும்பத்தின் மடியில் ஒரு பைன் காய். காய்ச்சல் கண்ட பிள்ளையை டாக்டரிடம் கொண்டுபோகிற மாதிரி துண்டில் சுற்றி, மூச்சுவிட மட்டும் கொஞ்சம் திறந்துவைத்து.

"உங்க காய் எப்படி இருக்கு?"

"முழுசா விரிஞ்சுபோச்சு. பார்க்கவே பயமா இருக்கு. உங்களுது?"

"எங்களுதும்தான். எங்க வீட்டுக்காரர் சாப்பாட்டையே தொடல."

"நம்ம பிரதர் லைல் இருக்காரு, விடுங்க. எங்க அத்தை வீட்டுக் காயை ஒரே ராத்திரியில மூடிக் குடுத்தாரு. மொட்டு மாதிரி."

மொன்டானா மலைக்காரர்கள் கரடிக்குப் பயப்படமாட்டோம், பனிக்குப் பயப்படமாட்டோம், வரி கேட்டு வருகிறவனுக்கும் பயப்படமாட்டோம். காய்க்குப் பயப்பட்டோம்.

இது எப்படித் தொடங்கியது என்றால், ஜூன் மாதக் கூட்டத்தில். வருஷா வருஷம் வன இலாகாவிலிருந்து கர்ட் என்கிற மெலிந்த மனிதர் சமூகக் கூடத்துக்கு வருவார். சுவரில் படம் காட்டி, வரப்போகும் கோடை எப்படி இருக்கும் என்று சொல்வார். நாங்களும் போவோம். இலவச டோனட் உண்டு.

"இந்தக் கோடையில வெப்பம் சராசரிக்கு மேல இருக்க வாய்ப்பு அதிகம்," என்றார் கர்ட். "மழை குறையலாம். ஆகஸ்டுல தீ அபாயம் உச்சத்துக்குப் போகலாம்."

"போகுமா, போகாதா?" என்று எழுந்தார் மரம் அறுக்கும் ஹேங்க் டூலி.

"போகலாம்."

"என் கொட்டகை எரியுமா, எரியாதா?"

"அதை யாராலயும் சொல்ல முடியாது ஹேங்க். மின்னல் எங்க விழும்னு எனக்குத் தெரியாது. ஆனா பொறி பறந்து வந்தா எங்க தங்கும்னு தெரியும். சருகு கிடக்கிற இடத்துல தங்கும். சுவரோரம் கிடக்கிற பைன் ஊசியை வாருங்க. விறகைச் சுவரைவிட்டுத் தள்ளி அடுக்குங்க. ஜன்னலுக்குக் கீழ இருக்கிற ஜூனிபர் புதரை வெட்டுங்க, அதுல எண்ணெய் இருக்கு. கூரையோரத் தகரத்துல அடைஞ்சதை ஏணி போட்டு எடுங்க."

"ஆக மொத்தம், எங்களுக்கு வேலை வைக்கத்தான் வந்திருக்கீங்க."

கூடம் சிரித்தது. டோனட் தீர்ந்தது. சருகு அப்படியே கிடந்தது.

கர்ட் போன மறுவாரம் லைல் ப்ரூவெட் வந்தார். வெள்ளைத் தாடி, சுத்தமான தொப்பி, அழுக்கான பூட்ஸ். நம்பிக்கை வர வேறென்ன வேண்டும். எந்தச் சபையையும் சேராதவர், எல்லாச் சபையிலும் காபி குடித்தவர். பக்கத்து மாநிலமான ஐடஹோவிலிருந்து வந்தவர் என்று எங்கள் ஊரில் சொன்னார்கள். ஐடஹோவில் மொன்டானாக்காரர் என்று சொன்னார்களாம்.

அவருடைய வித்தை எளிமையானது. வீட்டுக்கு மிக அருகே நிற்கிற பைன் மரத்தடியிலிருந்து ஒரு காய் எடுத்துவர வேண்டும். கையில் வாங்குவார். கண்ணை மூடுவார். பெருமூச்சு விடுவார். பெருமூச்சுக்குத் தனிக் கட்டணம் இல்லை.

"உன் வீடு நெருப்புக்குத் திறந்திருக்கு மகளே."

"ஐயோ பிரதர், இப்ப என்ன பண்றது?"

"ராத்திரி என் பெட்டியில விட்டுட்டுப் போ. நான் பேசிப் பார்க்கிறேன்."

காயோடு பேசுவார். ராத்திரி முழுக்க. காலையில் பார்த்தால் விரிந்த காய் இறுக மூடி, ஜாம் பாட்டிலுக்குள் உட்கார்ந்திருக்கும். பாட்டில் வாயில் மெழுகு முத்திரை. கண்ணாடிக்குள்ளே லேசாக ஆவி படர்ந்திருக்கும்.

"உள்ள என்ன பிரதர், பனி மாதிரி?"

"பிரார்த்தனையின் மூச்சு."

கர்ட் 'லாம்' போட்ட இடத்திலெல்லாம் லைல் முற்றுப்புள்ளி வைத்தார். மூடிய காய் உள்ள வீட்டை நெருப்பு தொடாது. சுற்றிப் போகும். சுபம். நிபந்தனை இரண்டே இரண்டு. முத்திரையை உடைக்கக்கூடாது. முதல் பனி விழும்வரை வீட்டைச் சுற்றி, பல் வைத்த வாருகோலோ வெட்டுக்கத்தியோ படக்கூடாது.

"ஏன் பிரதர்?"

"வாருகோல்ங்கிறது சந்தேகம். நீ சந்தேகப்பட்டா காய் திறந்துக்கும்."

இந்த நிபந்தனையைக் கேட்டு ஊரே ஆனந்தக் கண்ணீர் விட்டது. வேலை செய் என்கிறவன் ஒருபக்கம், வேலை செய்தால்தான் ஆபத்து என்கிறவன் மறுபக்கம். எவனை நம்புவது என்று மனிதகுலம் எப்போதோ முடிவு செய்துவிட்டது.

எங்கள் பக்கத்து வீட்டு டோரீன் ஹாஸ்கலும் முடிவு செய்தாள். அவள் கணவர் வெர்னுக்கு நுரையீரல் போய்விட்டது. பழைய சுரங்கத் தூசி. மூக்கில் குழாயும், சக்கரம் வைத்த ஆக்சிஜன் சிலிண்டருமாக ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். அந்த ஜன்னலுக்குக் கீழேதான் ஆள் உயரத்துக்கு ஜூனிபர் புதர். அதை ஒட்டி விறகு. வாசல் கதவில் கிறிஸ்துமஸுக்குக் கட்டிய பைன் காய் வளையம் இன்னும் தொங்குகிறது. மழை வந்தால் முகம் சுருங்கி, வெயில் வந்தால் மலர்ந்து, வருஷம் முழுக்க அவளையே பார்த்துக்கொண்டிருக்கிறது. அவள்தான் அதைப் பார்க்கவில்லை.

தீயணைப்புத் தொண்டர்கள் இரண்டு பேர் ரம்பத்தோடு வந்தார்கள்.

"டோரீன், புதரை எடுத்துடறோம். காசு வேணாம். அரைமணி வேலை."

"வேணாம்ப்பா. எங்க காய் மூடியிருக்கு."

"உங்க என்னது மூடியிருக்கு?"

கைப்பையிலிருந்து பாட்டிலை எடுத்துக் காட்டினாள். தொண்டர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சிலிண்டர் வேற வீட்டுல இருக்கு. வெர்னைத் தூக்கிட்டு ஓடணும்னா நேரம் ஆகும். வண்டியில சாமானாவது ஏத்தி வையுங்க."

"ஏத்துனா சந்தேகம். அவரு தெளிவாச் சொல்லியிருக்காரு."

உள்ளேயிருந்து வெர்ன் குரல் கொடுத்தார். "தம்பிகளா, என்கிட்ட யாராவது கேட்டீங்களா?"

"நீங்க பேசாதீங்க. மூச்சு வாங்கும்."

"மூச்சு என்னோடதுடி."

ரம்பம் வந்த வழியே திரும்பியது.

இப்போது சிக்ரிட் ஓஸ்ட்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். சந்தைத் திருவிழாவில் கேக் போட்டிக்கு அவள்தான் நடுவர். மேலே எத்தனை கிரீம் பூ வைத்திருந்தாலும் பார்க்கமாட்டாள். மேல் பையிலிருந்து பல்குச்சியை எடுப்பாள். நடுவில் குத்துவாள். மாவு ஒட்டினால், "வேகல. அடுத்தது." பாதிரியார் மனைவி கேக்காக இருந்தாலும் அதே வார்த்தை. எங்கள் ஊரில் அவளோடு பேசாதவர்கள் ஒரு கட்சி அளவுக்கு இருக்கிறார்கள்.

அவளும் வரிசையில் நின்றாள். மடியில் ஒரு காய்.

"நீயா சிக்ரிட்? நீயுமா நம்ப ஆரம்பிச்சுட்டே?"

"குத்திப் பார்க்கிறேன்," என்றாள்.

லைல் அவள் காயைக் கையில் வாங்கினார். கண்ணை மூடினார். "பெரிய வீடு. அன்பான வீடு. ஆனா திறந்திருக்கு."

"அப்படியா. மூடுங்க."

மறுநாள் திருவிழாவின் நடுநாள். கூட்டம் திடலில் தோள் இடித்தது. மேற்கு மலைமுகட்டுக்குப் பின்னால் புகை மெல்லிய கோடாக எழும்பியிருந்தது. எல்லோரும் பார்த்தோம், எல்லோரும் பாட்டிலைத் தொட்டுக்கொண்டோம். லைல் மேடையில் நின்று சிக்ரிட்டின் பாட்டிலை உயர்த்திப் பிடித்தார்.

"இந்தக் கூரையை நெருப்பு தொடாது. இந்த அடுப்படியில இன்னும் பல கிறிஸ்துமஸ் விருந்து வேகும்."

"நல்ல வாக்கு," என்றாள் சிக்ரிட். "அது நீல்ஸன் குடிலோட காய். போன கோடையில அது எரிஞ்சு புகைபோக்கி மட்டும் நிக்குது. அங்க எந்த அடுப்படியில விருந்து வேகும்னு சொன்னா நானும் தட்டு எடுத்துட்டு வருவேன்."

ஆள் தொலைந்தான் என்றுதான் நீங்களும் நினைப்பீர்கள். நீங்கள் பக்தர்களைப் பார்த்ததில்லை.

"அதான் சரியாச் சொல்லிட்டாரே," என்றார் ஹேங்க். "கூரையை நெருப்பு தொடாதுன்னாரு. கூரையே இல்ல. எப்படித் தொடும்?"

"ஆமா, ஆமா," என்றது கூட்டம்.

"பல கிறிஸ்துமஸ் விருந்து?"

"மேலோகத்துல," என்றாள் ஒருத்தி. கைதட்டினார்கள். லைல் தொப்பியை எடுத்து அடக்கமாக வணங்கினார். தன் வேலையைத் தனக்காக மற்றவர்களே செய்கிறபோது மனிதனுக்கு அடக்கம் தானாக வரும்.

சிக்ரிட் சளைக்கவில்லை. கேக் கூடாரத்துக்குப் போய் ஒரு வாளி நிறைய வெந்நீர் கொண்டுவந்தாள். திடலோரத்து மரத்தடியில் பொறுக்கிய விரிந்த காய்களை எல்லோரும் பார்க்க அதில் கொட்டி, மேலே தட்டைக் கவிழ்த்து அழுத்தி, கல்லை வைத்தாள்.

"கேக் போட்டி முடியட்டும். அப்புறம் பார்ப்போம்."

அன்றைக்கு எவளுடைய கேக்கையும் எவளும் பார்க்கவில்லை. வாளியைத்தான் பார்த்தார்கள். கடைசிக் கேக்கில் மாவு ஒட்டி, "வேகல," என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு சிக்ரிட் கல்லை எடுத்தாள். காய்கள் எல்லாம் மொட்டு மாதிரி மூடியிருந்தன.

"நான் ஜெபம் பண்ணல," என்றாள். "நார்வே பாஷையில திட்டினேன். அதுக்கும் மூடியிருக்கு. ஈரம் பட்டா மூடும், காய்ஞ்சா திறக்கும். உங்க வாசல்ல தொங்கற வளையம் தினமும் செய்யற வேலை இது."

டோரீன் முன்னால் வந்தாள். வெர்னை உட்கார வைத்திருந்த சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டே வந்தாள்.

"உன் காயைத் தண்ணி மூடிச்சு சிக்ரிட். அவரு காயை ஜெபம் மூடிச்சு. ரெண்டும் வேற."

"எப்படி வேற?"

"என்னோடதுக்கு நான் காசு குடுத்திருக்கேன்."

வெர்ன் சிரிக்கப் போய் இருமினார். இருமல் நிற்கவில்லை. டோரீன் குழாயைச் சரிசெய்தாள். மேற்கே கோடாக இருந்த புகை இப்போது தலையணை அளவுக்குப் புடைத்திருந்தது.

"டோரி," என்றார் வெர்ன், மூச்சு வந்ததும். "என்னால ஓட முடியாது. அந்தப் பாட்டிலாலயும் ஓட முடியாது. யாராவது ஒருத்தர் யோசிக்கணும்."

டோரீன் பாட்டிலை இறுக்கிப் பிடித்தாள்.

சிக்ரிட் அவளைப் பார்த்தாள். பிறகு மேடையைப் பார்த்தாள். "சரி. கேக்ல எனக்குச் சந்தேகம் வந்தா கடைசியா ஒண்ணு செய்வேன். செஞ்சவளையே ஒரு துண்டு தின்னச் சொல்வேன். பிரதர் லைல், உங்க வீட்டை நீங்க எப்படிக் காப்பாத்தறீங்கன்னு பார்க்கணும். எல்லாரும் போகலாமா?"

"அது ஜெபம் பண்ற இடம்," என்றார் லைல். "யாரும் வரக்கூடாது."

"வாசலோட நின்னுக்கறோம்."

"இன்னைக்கு நாள் சரியில்ல."

"நாளை நீங்களே சரி பண்ணிடுவீங்க. காயையே பண்ணினவராச்சே."

இதில் வேடிக்கை என்னவென்றால், அவரைக் கூட்டிப்போக முந்தியவர்கள் பக்தர்கள்தான். சிக்ரிட்டின் மூக்கை உடைக்க இதைவிட நல்ல வாய்ப்பு ஏது? ஹேங்க் அவரைத் தன் வண்டியில் அலாக்காக ஏற்றினார். பின்னால் பிக்கப் வண்டிகள், குதிரை வண்டி ஒன்று, போகிற போக்கில் திருவிழாவின் பித்தளை வாத்தியக் குழுவும் சேர்ந்துகொண்டது. ஊர்வலம் ஓடைக்கு மேலே அவர் வாடகைக்கு எடுத்திருந்த பழைய சுரங்கக்காரர் குடிலுக்குப் போய்ச் சேர்ந்தது. வாத்தியம் வாசலில் நின்றது. பிறகு ஒவ்வொன்றாக ஓய்ந்தது. கடைசியில் பெரிய முரசு மட்டும் ஒரு தடவை டம் என்றது, தெரியாமல்.

குடிலைச் சுற்றி ஒரு பைன் ஊசி இல்லை.

ஒன்றே ஒன்றுகூட இல்லை. ஆஸ்பத்திரித் தரை மாதிரி வெறும் மண். வாருகோல் பல்லின் வரிகள் புதுசாகத் தெரிந்தன. விறகு ஓடைக்கரையில், வீட்டைவிட்டு எட்டக் கிடந்தது. சுவரில் ஏணி சாய்ந்திருந்தது. கூரையோரத் தகரம் பளபளத்தது. கொல்லைப்பக்கம் ஒரு குளியல் தொட்டி. அதில் தண்ணீர். தண்ணீருக்கடியில் எங்கள் ஊர் வீடுகள் எல்லாம், ஈரக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, காயாக மூழ்கிக் கிடந்தன.

முதலில் பேசியது டோரீன். தொட்டியை அவள் பார்க்கவில்லை. ஜன்னலுக்குக் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிரதர் லைல், இங்க ஒரு ஜூனிபர் இருந்திருக்கு. அடிக்கட்டை புதுசா இருக்கே."

"அது வியாதி பிடிச்ச செடி மகளே."

"என்னோடதுக்கு மட்டும் உடம்பு நல்லா இருந்துதா?"

"நெருப்பு வந்தா எது வியாதின்னு..."

"வாருகோல் சந்தேகம்னீங்க."

லைல் தாடியைத் தடவினார். "உங்க எல்லாருடைய சந்தேகத்தையும் நான் ஒருத்தனே சுமந்தேன்."

"ஏணி வெச்சா?" என்றார் வெர்ன். "கூரை மேல ஏறியா சுமந்தே?"

யாரோ ஒருவர் சிரித்துவிட்டார். அது தொற்றிக்கொண்டது. பயந்து பயந்து வாரக்கணக்கில் அடக்கிவைத்த சிரிப்பு, அணை உடைந்த மாதிரி வந்தது. வாத்தியக்காரர்கள் சிரிப்பில் ஊத முடியாமல் ஊதினார்கள்.

டோரீன் சிரிக்கவில்லை. பாட்டிலின் முத்திரையைக் கட்டைவிரலால் உடைத்தாள். ஜாம் போடுகிற கை. மூடி ஒரே திருகில் வந்தது. முகர்ந்து பார்த்தாள்.

"நனைஞ்ச சாக்ஸ் வாசனை," என்றாள். "இதைத் தலைமாட்டுல வெச்சுத் தூங்கியிருக்கேன்."

பாட்டிலைக் கவிழ்த்துக் காயை ஏணிப்படியில் வைத்தாள். சுவரில் சாய்த்திருந்த லைலின் வாருகோலைத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"இதை எடுத்துக்கறேன். நான் குடுத்த காசுக்கு ஒரு பொருளாவது வேணும்ல. வெர்ன், கிளம்பு. தம்பிகளா, அந்த ரம்பம் இன்னும் வண்டியில இருக்கா?"

அன்று மாலையே பள்ளத்தாக்கு முழுக்க வாரும் சத்தம். வாருகோலுக்குச் சண்டை வந்தது. பாதிரியார் முள்கரண்டியோடு புல்தரையில் மண்டியிட்டிருந்ததாகச் சொல்கிறார்கள். நம்பலாம், பார்த்தவர்கள் இருக்கிறார்கள். கர்ட் வந்து வண்டியை நிறுத்தி, தன் கண்ணையே நம்பாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். சிக்ரிட் அவருக்கு ஒரு துண்டு கேக் கொடுத்தாள். குத்திப் பார்த்த கேக்.

ஆகஸ்டில் காற்று திரும்பியது. 'போகலாம்' என்று கர்ட் சொன்னது போயிற்று. மலைமுகட்டைத் தாண்டிக் கங்குகள் ஆலங்கட்டி மாதிரி வந்து விழுந்தன. சாமான் ஏற்றித் தயாராக நின்ற வண்டியில் டோரீன் வெர்னையும் சிலிண்டரையும் ஏற்றிக்கொண்டு, ரோடு நெரிசலாகும் முன்பே பாலத்தைத் தாண்டிவிட்டாள். திரும்பிவந்தபோது வீடு நின்றது. ஜூனிபர் இருந்த இடத்தில், ஜன்னலுக்கு நேர் கீழே, வெறும் மண்ணில் கருகிய புள்ளிகள் சிதறிக் கிடந்தன. தின்ன ஒன்றும் கிடைக்காமல் செத்துப்போன கங்குகள்.

வெர்ன் அவற்றைக் கைத்தடியால் கிளறிப் பார்த்தார். "இங்கதான் நான் உட்கார்ந்திருப்பேன்," என்றார். டோரீன் அவர் கழுத்துப் பட்டனைப் போட்டுவிட்டாள். ஏற்கெனவே போட்டிருந்த பட்டன்.

ஊரில் எரிந்தது ஒரே ஒரு கொட்டகை. ஹேங்க் டூலியுடையது. அவர் மட்டும் கடைசிவரை வாரவில்லை. சாம்பலுக்கு நடுவில் வெடித்த பாட்டிலோடு நின்றார்.

"இப்ப என்ன சொல்றே ஹேங்க்?"

"எவனோ எனக்குத் தெரியாம வாரிட்டான்," என்றார்.

லைல் ப்ரூவெட் திருவிழா அன்றைக்கே, சிரிப்பு அடங்குமுன், நடந்தே போய்விட்டார். போனவர் இப்போது அடுத்த பள்ளத்தாக்கில் இருக்கிறாராம். காயையெல்லாம் விட்டுவிட்டார். கடமான் கொம்பில் காதை வைத்துக் கோடையைக் கேட்கிறாராம். வண்டிகள் பாலம் வரைக்கும் நிற்கின்றனவாம்.

"ரொம்பத் துல்லியமாச் சொல்றாருன்னு கேள்வி," என்றாள் எங்கள் தபாலாபீஸ் பெண். "ஒருவேளை கொம்புல உண்மையிருக்குமோ?"

பைன் காய் பாவம், வாயில்லாத ஜீவன். அதுவே வெயில் பட்டால் திறக்கிறது. நம் மண்டை திறக்க எது பட வேண்டும் என்று சிக்ரிட்டைக் கேட்டேன். அவள் மேல் பையிலிருந்து பல்குச்சியை எடுத்தாள்.